விண்டோஸ் 11-இல் ஒபிஸ் 2003 ஓடுமா? நொத்தாரிசு அலுவலகத்துப் பழைய பெட்டியை என்ன செய்யலாம்?

புதுக்கடை_கிளார்க்:
வணக்கம். புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் வேலை செய்கிறேன். அலுவலகத்தில் விண்டோஸ் 7 போட்ட பழைய மேசைக் கொம்பியூட்டர் ஒன்று, அதில் ஒபிஸ் 2003. உறுதி, அற்றோனித் தத்துவம், சத்தியக் கடதாசி, மரணசாசனம் எல்லாவற்றுக்கும் மாதிரிகள் அதில்தான். தமிழ் பாமினி எழுத்துருவில், சிங்களம் எப்எம் அபய எழுத்துருவில். கட்டணக் கணக்குக்கு எக்செல்லில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த மெக்ரோ (கணக்கைத் தானாகச் செய்யும் சின்னப் புரோகிராம்) ஒன்றும் ஓடுகிறது. எழுதியவர் இப்போது கனடாவில்.

கொஞ்ச நாளாக ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. ஐயா புது லப்டொப் வாங்கிவிட்டார், விண்டோஸ் 11 ஹோம். சீடி போட இடமே இல்லை. புது ஒபிஸ் வாங்குவோம் என்றால், "சீடி இருக்கு, காசு குடுத்து வாங்கினது, வருசா வருசம் வாடகை கட்ட ஏலாது" என்கிறார். பழைய 2003 புது லப்டொப்பில் ஏறுமா? ஏறினால் உறுதிகள் அப்படியே திறக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

யூனிட்டி_பெடியன்:
அண்ணை, ஏறும். பம்பலப்பிட்டியில் எங்கள் கடைக்கு மாதத்துக்கு ஒருவராவது இதே கதையோடு வருவார். ஒபிஸ் 2003 என்பது 32 பிட் புரோகிராம். விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் என்றாலும் 32 பிட்டை ஓட்டும்.

சீடி டிரைவ் உள்ள வேறு கொம்பியூட்டரில் சீடியில் இருப்பதை முழுதாக ஒரு போல்டருக்குக் கொப்பி பண்ணி, பென் டிரைவில் கொண்டுவந்து, லப்டொப்பின் டிஸ்க்கிலேயே வைத்து செட்டப்பை ஓட்டுங்கள். பிறகு அதன் திருத்தத் தொகுப்பான சர்விஸ் பெக் 3 போடுங்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி மாதிரி நடிக்க வைக்கும் கொம்பெட்டிபிலிட்டி மோட் எதுவும் தேவையில்லை, சும்மா போட்டாலே போகும். அவுட்லுக்கை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து அவுட்லுக்குக்கு இன்றைய மெயில் சேவைகள் கேட்கும் பாதுகாப்பு முறை தெரியாது, கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

இன்னொன்று. சில புது லப்டொப் 'எஸ் மோட்' என்ற ஒன்றில் வரும். அதில் மைக்ரோசொப்ட் ஸ்டோரில் உள்ளது தவிர வேறெதுவும் ஏறாது. செட்டப் ஓடாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். எஸ் மோடிலிருந்து வெளியே வர காசு இல்லை, ஆனால் திரும்பிப் போக முடியாது. திரும்பிப் போக யாரும் ஆசைப்பட்டு நான் பார்த்ததும் இல்லை.

பழம்பெட்டி:
டிஸ்க் டக் டக் என்கிறது, இங்கே சீடியைப் பற்றிக் கதை நடக்கிறது. தம்பி, அந்தப் பெட்டியை இப்போதே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஓன் பண்ணிப் பார்க்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி, முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே பைலாக, எடுக்கச் சொல்லுங்கள். மை டொக்கியுமெண்ட்ஸ் போல்டரை மட்டும் எடுத்தால் போதாது, முழு டிஸ்க். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

திகதிகளையும் ஒருமுறை ஐயாவிடம் சொல்லிவையுங்கள். ஒபிஸ் 2003-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது, எக்ஸ்பியோடு ஒரே நாளில். 2007-க்கு 2017 ஒக்டோபர், 2010-க்கு 2020 ஒக்டோபர், 2013-க்கு 2023 ஏப்ரல். 2016-உம் 2019-உம் 2025 ஒக்டோபர் 14-இல், விண்டோஸ் 10-உடன் சேர்ந்தே போயின. நீங்கள் இருக்கும் விண்டோஸ் 7 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. 2003-ஐ விண்டோஸ் 11-இல் ஓட்டலாம் என்று மைக்ரோசொப்ட் எங்கும் சொல்லவில்லை. ஓடுகிறது, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு அப்டேட்டில் ஓடாமல் போனால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

வெள்ளவத்தை_தட்டச்சு:
ஏறுமா என்பதை விட ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் உங்களுக்குத் தலையிடி. பாமினி என்பதால் சொல்கிறேன்.

பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகம். 'இ' என்பது கொம்பியூட்டருக்கு வெறும் கமா. ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'க' இருந்தால், அதன் பெரிய எழுத்தில் 'கு' இருக்கும். 'த'-வுக்கு 'து', 'ப'-வுக்கு 'பு', 'ம'-வுக்கு 'மு', எல்லாம் இப்படியே. இப்போது புதிதாகப் போட்ட வேர்டில் ஓட்டோகரெக்ட் முழுக்க ஓனில் இருக்கும். வசனம் முடிந்து புள்ளி வைத்து, அடுத்து 'கமலா' என்று அடித்தால், வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறேன் என்று அது 'குமலா' ஆக்கிவிடும். அட்டவணைக் கட்டத்தின் முதல் எழுத்துக்கும் இதே கதி. இரண்டு பெரிய எழுத்து சேர்ந்து வந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் விதி ஒன்றும் இருக்கிறது. அதனால் நீங்கள் 'புதுக்கடை' என்று அடித்தால் 'புதக்கடை' என்று நிற்கும். உங்கள் பழைய பெட்டியில் யாரோ புண்ணியவான் இதையெல்லாம் ஓஃப் பண்ணி வைத்திருப்பார். அந்த செட்டிங் சீடியோடு வராது.

வேர்டைத் திறந்ததும் முதல் வேலையாக டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸுக்குப் போய் எல்லா டிக்கையும் எடுங்கள். உறுதியில் ஆளின் பெயர் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புதுக்கடை_கிளார்க்:
அக்கா, நன்றி. 'புதக்கடை' என்று ஒரு கடிதத்தில் பார்த்திருக்கிறேன், அடித்த பிள்ளையைத்தான் ஏசினோம். டிஸ்க்கைக் கழற்றிவிட்டோம். இமேஜ் எடுக்கக் கொடுக்கிறேன்.

எனக்கு இன்னொரு பயம், வரி மாறுவது. உறுதி மூன்று பிரதி எடுக்கிறோம். எதையாவது வெட்டினாலோ திருத்தினாலோ, எந்தப் பக்கம் எத்தனையாவது வரி என்று அத்தாட்சியில் ஐயா எழுத வேண்டும். பழைய பெட்டியில் ஒரு பிரதியும் புதியதில் ஒரு பிரதியும் எடுத்து, 2-ஆம் பக்கம் 9-ஆம் வரியில் இருந்தது 10-க்குப் போனால் காணிப் பதிவகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாமினி ஒரே பொண்ட்தானே, பிறகு ஏன் வரி மாறுகிறது?

வெள்ளவத்தை_தட்டச்சு:
பாமினி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பொண்ட் பைல் சுற்றுகிறது தம்பி. எழுத்தின் அகலம் மயிரளவு வித்தியாசப்பட்டாலும் பத்து வரியில் ஒரு சொல் கீழே இறங்கும். இணையத்தில் கிடைக்கும் பாமினியைப் போடாமல், பழைய டிஸ்க்கின் பொண்ட்ஸ் போல்டரில் இருக்கும் அதே பைலை எடுத்துப் போடுங்கள். எப்எம் அபயவுக்கும் அப்படியே.

அடுத்தது தாள். புது பிரிண்டர் ஏ4 என்று நினைத்துக்கொண்டிருக்கும், உங்கள் மாதிரி லீகல் சைஸில் இருக்கும். 'தாளுக்கு ஏற்றபடி சுருக்கு' என்ற டிக் விழுந்திருந்தால் எல்லாம் சுருங்கி வரும். வேர்ட் பக்கத்தைப் பிரிக்கும்போது பிரிண்டர் டிரைவரையும் பார்க்கும். டிரைவர் மாறினால் பக்கம் முறிகிற இடமும் மாறலாம்.

யூனிகோட்டில் (தமிழ் எழுத்துக்கே சொந்த இலக்கம் உள்ள பொதுக் குறியீடு) லதா எழுத்துருவில் அடித்த கடிதங்கள் ஏதும் இருந்தால் அதற்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-இலிருந்து லதா தானாக வருவதில்லை. அதற்குப் பதில் நிர்மலா வந்து உட்கார்ந்து பக்கத்தைக் குழப்பும். செட்டிங்கில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, தமிழ் சப்ளிமெண்டல் பொண்ட்ஸைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்பி வரும்.

லினக்ஸ்_மச்சான்:
இவ்வளவு பாடுபடத் தேவையா? லிப்ரெஒபிஸ் போடுங்கள். காசு இல்லை, வாடகை இல்லை, பழைய டொக் பைல் எல்லாம் திறக்கும். பாமினியும் வெறும் பொண்ட்தானே, அதிலும் வேலை செய்யும். லோட்டஸ் 1-2-3 பைலையே திறக்கிற சாமான் அது.

கொட்டாஞ்சேனை_கணக்கு:
தம்பி லினக்ஸ், நான் அதைத்தான் வீட்டில் வைத்திருக்கிறேன், நல்ல சாமான்தான். ஆனால் மெக்ரோ இருக்கும் எக்செல்லை அதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். சிலது ஓடும், சிலது பாதியில் நிற்கும். சம்பளப் பட்டியல் பாதியில் நின்றால் ஈபிஎப் 8 வீதமும் 12 வீதமும் ஈடிஎப் 3 வீதமும் (ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும்) யார் கையால் போடுவது? உறுதியில் வரி மாறக் கூடாது என்று கேட்பவரிடம் வேறு ஒரு மென்பொருளையே கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுக்கடை_கிளார்க், உங்கள் எக்செல் மெக்ரோ பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. எங்கள் இடத்தில் 2003-இல் எழுதிய விலைச்சிட்டை மெக்ரோ ஒன்றைப் புது எக்செல்லுக்குக் கொண்டுவந்தோம். முதலில், அதை மெயிலில் அனுப்பி புது மெஷினில் டவுன்லோட் பண்ணினால் திறக்கும், ஆனால் மெக்ரோ ஓடாது, மேலே சிவப்புப் பட்டி வரும். இணையத்திலிருந்து வந்த பைலின் மெக்ரோவை 2022-இலிருந்து ஒபிஸ் தானாகவே தடுக்கிறது. பைலில் ரைட் கிளிக் பண்ணி, ப்ரொப்பர்டீஸில் 'அன்புளொக்' டிக் போட வேண்டும். பென் டிரைவில் கொண்டுவந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது, இப்போது ஒபிஸ் போட்டால் தானாக 64 பிட்தான் ஏறும். பழைய மெக்ரோவில் விண்டோஸைக் கூப்பிடும் 'டிக்ளேர்' வரிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லைச் சேர்க்காமல் அது அசையாது. திகதி தெரிவு செய்யும் சின்னக் கலண்டர் பெட்டி போன்றவை 32 பிட் சாமான், 64 பிட் ஒபிஸில் வரவே வராது. மெக்ரோவைத் திருத்த ஆள் இல்லையென்றால், இன்ஸ்டோல் பண்ணும்போதே 32 பிட்டைத் தெரிவு செய்வது லேசு.

எல்லாம் சரியாகி ஓடவிட்டுப் பார்த்தால் சிட்டையில் வற் 15 வீதம் என்று நிற்கிறது! 2024 ஜனவரி 1-இலிருந்து 18. பழைய மெஷினில் கணக்கர் ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எழுதியவர் வீதத்தை ஒரு கட்டத்தில் வைக்காமல் மெக்ரோவின் புரோகிராம் வரிகளுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார். உங்கள் கட்டண மெக்ரோவிலும் முத்திரை வரி வீதம் அப்படிப் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதலாங்குறுக்கு_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். இடையில் வருவதற்கு மன்னிக்கவும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஹார்ட்வெயார் கடை. ஒபிஸ் 2003-ஐ நீங்கள் பழசு என்கிறீர்கள், எங்கள் பில் போடுவது விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்துப் பொக்ஸ்புரோ என்ற தரவுப் புரோகிராமில். வாப்பா காலத்தில் போட்டது. மகன் புது கொம்பியூட்டர் வாங்கி, பைலைக் கொப்பி பண்ணித் தட்டினால், 'இது உங்கள் கணினியில் இயங்காது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எப்சன் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரும் சும்மா கிடக்கிறது. ஏதும் வழி உண்டா?

பழம்பெட்டி:
நானா, உங்களுடையது வேறு நோய். டொஸ் புரோகிராம்களையும் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் புரோகிராம்களையும் 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. அவற்றுக்காக 32 பிட் விண்டோஸில் இருந்த பகுதி 64 பிட்டில் வைக்கப்படவே இல்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு என்று ஒன்றும் இல்லை. அதனால் கொம்பெட்டிபிலிட்டி மோட் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புது விண்டோஸுக்குள் டொஸ் புரோகிராமை ஓட்ட டொஸ்பொக்ஸ்-எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். டொஸ்பொக்ஸிலிருந்து பிரிந்து வந்தது, பிரிண்ட் பண்ணும் வசதியும் சேர்த்திருக்கிறார்கள். அதில் பொக்ஸ்புரோ ஓடும். சரிவராவிட்டால், ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸில் 32 பிட் விண்டோஸ் ஒன்றைப் போட்டு, அதற்குள் 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டை பகிர்ந்த பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம். டொஸ் புரோகிராமுக்குத் தான் பழைய பரலல் போர்ட்டுக்கே அனுப்புவதாக நினைப்பு, சாமான் யூஎஸ்பியில் வெளியே வரும்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். பொக்ஸ்புரோ தரவு இருக்கும் டிபிஎப் பைல்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து லிப்ரெஒபிஸ் கல்க்கில் திறந்து பாருங்கள். அப்படியே திறக்கும். யார் யார் எவ்வளவு கடன் என்பது பொக்ஸ்புரோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் கையில் இருக்கும்.

லினக்ஸ்_மச்சான்:
பார்த்தீர்களா, கடைசியில் லிப்ரெஒபிஸ்தான்.

பழம்பெட்டி:
டேட்டாவைத் திறந்து பார்க்க, ஆம். அதற்கு அதைவிட நல்லதொன்றை நானும் காணவில்லை.

யூனிட்டி_பெடியன்:
பழம்பெட்டி ஐயா, அப்போ புதுக்கடை அண்ணைக்கு 2003-ஐ நேரே போடுவதில் என்ன பிழை? அவர் வேர்டும் எக்செல்லும் மட்டும்தானே பாவிக்கிறார்.

பழம்பெட்டி:
பிழை என்னவென்றால் அந்த லப்டொப்பில் மெயிலும் பார்ப்பார்கள். கட்சிக்காரர் ஒருவர் 'உறுதி நகல்' என்று ஒரு டொக் பைல் அனுப்புவார், இரண்டு தட்டுத் தட்டினால் 2003 திறக்கும். 2017 நவம்பரில் வேர்டின் ஈக்குவேஷன் எடிட்டரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியில் வந்தது, ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஈ-2017-11882. 2000-ஆம் ஆண்டில் கட்டிய புரோகிராம் அது, பதினேழு வருடம் அப்படியே இருந்திருக்கிறது. பைலைத் திறந்தாலே போதும், மெக்ரோவுக்கு அனுமதி கேட்கும் பெட்டிகூட வராது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு அடைப்புப் போட்டார்கள். 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே கழற்றி எறிந்தார்கள். 2003-க்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதன் காலம் மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

வீட்டில் கவிதை எழுதுகிறவர் என்றால் நானும் 'போடுங்கள்' என்றுதான் சொல்வேன். நொத்தாரிசு அலுவலகத்தில் ஊரார் அடையாள அட்டை எண்ணும் காணி விவரமும் இருக்கின்றன.

அக்டிவேஷன், அதாவது உரிமத்தை மைக்ரோசொப்டிடம் உறுதிப்படுத்துவது, இன்னொரு சிக்கல். 2003 சில்லறைப் பதிப்பு என்றால் 50 தடவை திறக்க விடும். அதற்குள் அக்டிவேட் ஆகாவிட்டால் வாசிக்கலாம், புதிதாக எழுதிச் சேமிக்க விடாது. நிறுவனங்களுக்குக் கொடுத்த வொலியூம் பதிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. சீடியின் முகத்தைப் பாருங்கள் தம்பி, எது என்று அதில் இருக்கும்.

முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அந்தப் பழைய பெட்டியையே அப்படியே, விண்டோஸ் 7, ஒபிஸ், பாமினி, பிரிண்டர் டிரைவர், ஓஃப் பண்ணின ஓட்டோகரெக்ட் சகிதம், புது லப்டொப்புக்குள் ஒரு ஜன்னலாக வைக்கலாம். ஹோம் பதிப்பில் இதற்கான மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி கிடையாது, வேர்ச்சுவல்பொக்ஸ் போதும், இலவசம். டிஸ்க்கை விஎச்டி என்ற பைலாக மாற்றினால் அது ஏற்றுக்கொள்ளும். பயோஸில் வேர்ச்சுவலைசேஷன் ஓனா என்று பாருங்கள். லப்டொப்பில் 8 ஜிபி ரம் இருந்தால் 2 ஜிபியை அதற்குக் கொடுங்கள், விண்டோஸ் 7-க்கு அது தாராளம். முக்கியமான விஷயம்: அந்த ஜன்னலின் நெட்வேர்க் கார்ட்டைச் செட்டிங்கில் கழற்றிவிடுங்கள். அதற்கு இன்டர்நெட் வேண்டவே வேண்டாம்.

யூனிட்டி_பெடியன்:
சரி, இது நல்ல வழி. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். பிரிண்டரை யூஎஸ்பி வழியாக நேரே அந்த ஜன்னலுக்குள் கொடுத்துவிடலாம். வேர்ச்சுவல்பொக்ஸில் டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பிக்குப் போய் பிரிண்டரைத் தெரிவு செய்தால், விண்டோஸ் 7-க்கு அது சொந்தமாகத் தெரியும். அதே டிரைவர், அதே பொண்ட், வரி மாறாது.

புதுக்கடை_கிளார்க்:
எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

டிஸ்க்கிலிருந்து இமேஜ் முழுதாக வந்துவிட்டது. பம்பலப்பிட்டி யூனிட்டிப் பக்கம் ஒரு தம்பி செய்து கொடுத்தார் (நீங்கள்தானோ தெரியாது). வேர்ச்சுவல்பொக்ஸில் போட்டதும் விண்டோஸ் 7 திறந்தது, டெஸ்க்டொப்பில் ஐயாவின் பேத்தியின் படம் உட்பட எல்லாம் அப்படியே. வேர்ட் திறக்கிறது, பாமினி சரி, 'புதுக்கடை' புதுக்கடையாகவே நிற்கிறது. பிரிண்டரை உள்ளே கொடுத்து, ஏற்கெனவே பதிந்த ஒரு உறுதியின் பிரதியை எடுத்துப் பழைய பிரதியின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். வரிக்கு வரி பொருந்துகிறது.

இரண்டு பிரச்சினை. 'இந்த விண்டோஸ் உண்மையானதல்ல' என்று எழுத்து வந்து, பின்னணி கறுப்பாகிவிட்டது. மற்றது சீடி. அதில் வொலியூம் லைசன்ஸ் என்றுதான் இருக்கிறது. ஐயா முன்பு இன்னும் இரண்டு சட்டத்தரணிகளோடு சேர்ந்து நடத்திய நிறுவனத்தின் பெயரில் வாங்கியது.

பழம்பெட்டி:
கறுப்புத் திரை எதிர்பார்த்ததுதான். பழைய பெட்டியோடு வந்த விண்டோஸ் 7 அந்தப் பெட்டிக்கே உரியது, வேறு வன்பொருளைக் கண்டதும் முறுக்கிக்கொள்ளும். வேலை ஓடும், ஆனால் உரிமம் இல்லாமல் ஓடுகிறது என்பதே உண்மை. தனியாக விற்ற விண்டோஸ் 7 பெட்டி எங்காவது இருந்தால் அந்தக் கீயைப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் 'ஒரிஜினல் கீ' எதையும் நம்ப வேண்டாம். இன்று ஏற்கும், நாளை என்ன என்று விற்றவருக்கே தெரியாது.

ஒபிஸ் சீடி பற்றி: பிரிந்துபோன கூட்டு நிறுவனத்தின் சொத்து யாருக்கு என்ற கேள்விக்கு எங்களை விட உங்கள் ஐயாவுக்குத்தான் நல்ல பதில் தெரியும்.

கொட்டாஞ்சேனை_கணக்கு:
ஹாஹா. ஐயாவுக்கு ஒரு சத்தியக் கடதாசி அடித்துக் கொடுங்கள்.

சிரிப்பு ஒருபுறம். வாடகை வேண்டாம் என்பவருக்கு ஒபிஸ் 2024 இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரே தடவை வாங்குவது, வருடக் கட்டணம் இல்லை. ஆதரவு 2029 ஒக்டோபர் வரை. புது வேலைகளை அதில் தொடங்கி, பழைய உறுதிகளுக்கு மட்டும் அந்த ஜன்னலைத் திறந்தால் போதும். கட்சிக்காரர் அனுப்பும் டொக்எக்ஸ் பைலை 2003 எப்படியும் திறக்காது. அதற்கென்று இருந்த கொம்பெட்டிபிலிட்டி பெக்கையும் மைக்ரோசொப்ட் 2018-இலேயே நிறுத்திவிட்டது.

புதுக்கடை_கிளார்க்:
ஐயாவிடம் 'ஒரே தடவை' என்ற சொல்லைச் சொன்னதும் முகம் கொஞ்சம் இளகியது. விலை கேட்டு வரச் சொல்லியிருக்கிறார். விண்டோஸ் 7 கீ பற்றியும் அவரிடமே விட்டுவிட்டேன்.

அப்படிப் புதியதில் தொடங்கினால் மாதிரிகளை யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டுமே. பாமினியிலிருந்து மாற்ற வழி இருக்கிறதா? எங்களிடம் ஒரே உறுதியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து இருக்கும்.

வெள்ளவத்தை_தட்டச்சு:
என்எச்எம் கன்வேர்ட்டர் பாமினியை யூனிகோட்டாக்கும். ஆனால் கலந்த பைலை முழுதாகக் கொப்பி பண்ணி அதில் போட்டுவிடாதீர்கள். அதற்கு எது பாமினி, எது டைம்ஸ் நியூ ரோமன் என்று தெரியாது. எல்லாம் ஆங்கில எழுத்தாகவே தெரியும். அதனால் ஆங்கிலத்தில் இருக்கும் ஆளின் பெயரும் லொட் இலக்கமும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டில் ஃபைண்ட் பெட்டியில் பொண்ட் பாமினி என்று கொடுத்துத் தேடினால் பாமினித் துண்டுகளை மட்டும் தெரிவு செய்யும். அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டுங்கள். மாதிரிகள் மட்டும்தானே, செய்துவிடலாம். சிங்களப் பகுதிக்கு வேறு கன்வேர்ட்டர் வேண்டும், இது தமிழுக்கு மட்டும்.

கை பாமினிக்குப் பழகிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். என்எச்எம் ரைட்டரில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. அடிப்பது பழைய மாதிரி, விழுவது யூனிகோட். ஓட்டோகரெக்ட் எழுத்தை மாற்றும் தொல்லையும் அதோடு போய்விடும், தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லையே.

பதிந்து முடிந்த பழைய உறுதிகளை மாற்ற வேண்டாம். அந்த ஜன்னலிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது பிடிஎப் எடுத்துக் கொடுங்கள். கஷ்டமான மாதிரி ஒன்று இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பெயரும் அடையாள அட்டை எண்ணும் எடுத்துவிட்டு.

முதலாங்குறுக்கு_நானா:
டொஸ்பொக்ஸ்-எக்ஸில் பொக்ஸ்புரோ திறந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கடன் பட்டியல் கல்க்கிலும் வந்துவிட்டது, மகன் அதைப் பார்த்துவிட்டு யார் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டிருக்கிறான். பில் மட்டும் பிரிண்டரில் அகலமாக வந்து வலது பக்கம் அறுபடுகிறது. தாளா, செட்டிங்கா?

பழம்பெட்டி:
செட்டிங். உங்கள் புரோகிராம் பிரிண்டரைச் சின்ன எழுத்துக்கு மாற்றும் கட்டளையை அனுப்பும். நடுவில் விண்டோஸ் டிரைவர் அதை விழுங்குகிறது. அந்த எப்சனை விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவரில் இன்னொரு தடவை சேர்த்து, அதற்கு அனுப்பிப் பாருங்கள். அப்படியும் அறுபட்டால் பிரிண்டரின் முன்பக்கப் பட்டனிலேயே கொண்டென்ஸ்ட் (நெருக்கிய சின்ன எழுத்து) போடலாம்.